முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்: பழைய கஞ்சில் காரை வீட்டில் பேணும் முறை



தோட்டத்து லயங்களின் முன்னால் ஒரு காலத்தில் சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இன்று வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும், வரிசைக்கு ஒன்றிரண்டு பழைய கார்களையாவது பார்க்கிறோம். அவற்றுள் கஞ்சில் காருக்கு ஒரு தனி இடம் உண்டு. ஜப்பானிய டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டு பெரோடுவா நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய கார் இது. 2009ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, கடைசியாக வெளிவந்த கஞ்சிலுக்கும் இப்போது பதினைந்து வயது கடந்துவிட்டது. முதலில் வந்தவற்றுக்கு முப்பது வயது ஆகிவிட்டது.

கஞ்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் அந்தச் சிறிய விலங்கின் கதையை நம் பிள்ளைகள் அறிவார்கள். உருவத்தில் சிறியது, மூளையில் பெரியது. இந்தக் காரை வைத்திருக்கும் நாமும் கொஞ்சம் மூளையைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

பழைய கஞ்சிலை வாங்கும் இளைஞர்கள் அதை அப்படியே ஓட்டுவதில்லை. ரிம்மை மாற்றுகிறார்கள், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறார்கள், புகைக்குழாயை மாற்றுகிறார்கள், சிலர் எஞ்சினையே மாற்றுகிறார்கள். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. தன் கையால் ஒரு பொருளைச் செம்மைப்படுத்துவது நல்ல கலை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறை தெரியாமல் நான் பட்ட அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் பட்டணத்து இளைஞர் ஒருவரிடமிருந்து ஒரு கஞ்சிலை வாங்கினேன். பளபளக்கும் அகலமான ரிம்கள், தாழ்ந்த உடல், கூடுதல் விளக்குகள் என்று பார்க்க மாப்பிள்ளை போல் இருந்தது. நானும் என் பங்குக்குப் புதிய ரேடியோவும் ஒலிபெருக்கிகளும் பொருத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மேட்டுத் தோட்டத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, ஐந்து பேராகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அது நீண்ட இறக்கம். அடிவாரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் பெரிய சாலை. இறங்கும் வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கடைசி வளைவில் மிதித்தபோது பெடல் கஞ்சியில் கால் வைத்தது போல் அடிவரை போய்விட்டது. கார் நிற்கவில்லை.

கியரை இரண்டுக்கு இறக்கினேன். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். சாலையோரத்து மண்மேட்டில் உரசி, பெரிய சாலைக்குப் பத்தடி முன்னால் கார் நின்றது. பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த என் மகளின் நெற்றி முன் இருக்கையில் மோதிப் புடைத்துவிட்டது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டறையில் போமன் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த எண்ணெய் கோப்பிபோல் கறுத்திருந்தது. "எத்தனை வருசமா மாத்தல சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ரேடியோவுக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்கு போதும், அந்த எண்ணெயை மாற்ற.

நேயர்களே, இதில் எனக்கு மிகவும் வெட்கமான ஒன்று உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற சோதனை ஒன்றை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறேன். ஊசி இல்லாத மருந்துக் குழலில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். தண்டு நகராது. தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால் தண்டு உள்ளே போகும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். கார் பிரேக் இந்த ஒரு பாடத்தில்தான் வேலை செய்கிறது. நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் குழாயில் உள்ள திரவம் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு போகிறது. அந்தத் திரவம் நம் நாட்டு ஈரக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல நீரை உறிஞ்சிக்கொள்கிறது. டாட் 3 என்னும் வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும், உள்ளே ஆவி உண்டாகும், ஆவி சுருங்கும், பெடல் அடிக்குப் போகும். வகுப்பில் பாடம் நடத்தினேன். என் காரில் அதைப் பார்க்கவில்லை.

கைப்பிரேக் என்னைக் காப்பாற்றியது ஏன் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அது திரவத்தால் இயங்குவதில்லை. கம்பியால் இழுத்துப் பின் சக்கரங்களின் பிரேக்கை நேராக அழுத்துகிறது. ஆகவே கைப்பிரேக் கம்பி தளர்ந்திருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குங்கள்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: முதலில் நிற்க வேண்டும், அடுத்துச் சாலையைப் பிடிக்க வேண்டும், பிறகு சூடேறாமல் இருக்க வேண்டும், அதன்பின் இருட்டில் வழி தெரிய வேண்டும். இவை நான்கும் சரியான பிறகுதான் அழகும் வேகமும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நிற்பது. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். வாரம் ஒரு முறை கிண்ணத்தில் அளவைப் பாருங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் கட்டை தேய்கிறது, அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். சும்மா ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்தில் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது அல்லது கசிவு இருக்கிறது. உடனே போமனிடம் காட்டுங்கள். பிரேக் கிண்ணத்தில் எஞ்சின் எண்ணெயை மறந்தும் ஊற்றாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். முதல் முறை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். என் வீட்டில் பெடல் மிதிப்பவள் என் மகள்தான்.

மேம்படுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதை இங்கே காட்டுங்கள். நல்ல தரமான பிரேக் கட்டை, விரிசல் விட்ட ரப்பர் குழாய்களுக்குப் புதிய குழாய், டாட் 3க்குப் பதில் அதனோடு ஒத்துப்போகும் டாட் 4 எண்ணெய். இவை வெளியே தெரியாத அழகு. அத்துடன் பின் இருக்கைப் பெல்ட்டுகளைத் தேடி எடுங்கள். பழைய கார்களில் அவை இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும். பின் இருக்கையிலும் பெல்ட் அணிய வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. காசு செலவில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு அது. என் மகளின் நெற்றியைத் தடவியபோதுதான் நான் அதை உணர்ந்தேன்.

இரண்டாவது, சாலையைப் பிடிப்பது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் மழையில் வழுக்கும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. காற்றின் அளவை, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சரிபாருங்கள்.

ரிம் மாற்றுவோர் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். கஞ்சிலோடு வந்த டயரின் அளவு பெரும்பாலும் 145/70ஆர்12. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 70 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், அதாவது 101.5. மேலும் கீழும் சேர்த்து 203. 12 அங்குல ரிம் ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 508. இப்போது 13 அங்குல ரிம்மில் 175/50 டயரைப் போட்டால் என்ன ஆகும்? 175இல் பாதி 87.5, இரு பக்கமும் சேர்த்து 175. ரிம் 330. மொத்தம் 505. ஏறத்தாழ அதே உயரம். ஆனால் அதே ரிம்மில் 175/60 டயரைப் போட்டால் 540 ஆகிவிடும். அப்போது மீட்டர் 90 என்று காட்டும்போது கார் உண்மையில் 96இல் ஓடும். மேட்டில் எஞ்சின் திணறும், வளைவில் டயர் உடலில் உரசும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். டயர் கடைக்குப் போகுமுன் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். ரிம் மாற்றிய பின் சில நாள் ஓட்டிவிட்டு நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பாருங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவதை மட்டும் நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். கஞ்சிலின் எடை ஏறத்தாழ 700 கிலோதான். அதில் ஐந்து பெரியவர்கள் ஏறினால், கார் தன் எடையில் பாதியளவுக்குச் சுமக்கிறது. வெட்டிய ஸ்பிரிங்குக்கு அந்தச் சுமையில் ஆடி இறங்க இடமில்லை. குழியில் விழுந்தால் அடி உடம்பு இடிக்கும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவவும் கூடும். தோட்டத்துச் செம்மண் சாலைக்கு உயரமான கார்தான் ஏற்றது. வெட்டிய ஸ்பிரிங் இருந்தால் அளவான ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். அதுவே ஒரு மேம்பாடு. காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் அதிர்வு தாங்கி நல்லது. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சூடேறாமல் இருப்பது. கஞ்சில் எஞ்சினின் தலை அலுமினியத்தால் ஆனது. ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். பிறகு செலவு காரின் விலையை எட்டிப்பிடிக்கும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தால்தான், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் கெட்டால் இந்தக் காப்பும் போய்விடும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துருவும் உப்பும் படியும். துருத் தடுப்பு மருந்து கலந்த குளிர்நீரைப் பயன்படுத்துங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று சொல்லிச் சிலர் அதைக் கழற்றி எறிகிறார்கள். அது தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவில்லையென்றால் எண்ணெய் கூடச் செலவாகும், எஞ்சினும் விரைவில் தேயும். நீர் காரணமின்றிக் குறைந்து, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், உடனே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். நீர் எண்ணெயில் கலந்துவிட்டது.

நான்காவது, வழி தெரிவது. கூடுதல் விளக்குப் போட விரும்புவோர் மின்கம்பியை மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் 60 வாட் விளக்கு ஒன்றுக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இரண்டுக்கு 10. அங்கே 100 வாட் பல்புகளைப் போட்டால் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஆகிறது. கம்பியில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிடும். பழைய கம்பியின் உறை உருகித் தீப்பற்ற வேறு காரணம் வேண்டியதில்லை. பழைய அளவு பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, ரிலேயும் ஃபியூஸும் பொருத்தினால், அதே பல்பு முன்பைவிடப் பிரகாசமாக எரியும். மின்சார வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

இந்த நான்கும் சரியானால், எஞ்சினைப் பேணுவது எளிது. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுங்கள். மூன்று சிலிண்டருக்கு மூன்று பிளக்குகள்தாம். கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காற்று வடிகட்டியைச் செம்மண் புழுதி விரைவில் அடைத்துவிடும். அடிக்கடி தட்டுங்கள், காலத்தில் மாற்றுங்கள். பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வடிகட்டி போடுவது நம் புழுதிச் சாலைக்குப் பொருந்தாது. அது எஞ்சினருகே உள்ள சூடான காற்றையும் சேர்த்து உறிஞ்சும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத காரை வாங்கினால், முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அந்தக் கால்வாய் ஓடிப்போய் நம் ஆற்றில்தான் சேரும். கலனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். மண்தரையில் ஜாக் சரியும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளை இருபுறமும் வைத்து, காரைக் குலுக்கிப் பார்த்த பிறகே அடியில் போங்கள். செங்கல்லும் தாங்காது, நொறுங்கிவிடும். கணவர் தனியாக அடியில் படுத்திருக்கும்போது, தாய்மார்களே, நீங்கள் அருகில் இருங்கள்.

கடைசியாக வேகத்துக்கு வருவோம். என் முன்னாள் மாணவன் ஒருவன் ஒரு நாள் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சார், மீராவோட டர்போ எஞ்சின் ஒண்ணு வந்திருக்கு. நம்ம காடியில போட்டா பறக்கும் சார்!"

"பறக்கிறது இருக்கட்டும் தம்பி. நிக்குமா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். அவனை உட்கார வைத்து விளக்கினேன். வேகம் 40இலிருந்து 80 ஆனால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிரேக்கை வைத்திருப்பது, காளையை மாற்றிவிட்டுப் பழைய மூக்கணாங்கயிற்றையே கட்டுவது போல. அதோடு, எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். காரைப் பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். கெரானில் எஞ்சின் எண் மாற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஓட்டி, விபத்து ஒன்று நடந்தால், காப்புறுதிப் பணம் மறுக்கப்படலாம். அடிபட்டவரின் குடும்பமும் நம் குடும்பமும் சேர்ந்து தெருவில் நிற்க நேரிடும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தத் தம்பி எஞ்சினை வாங்கவில்லை. அந்தப் பணத்தில் பிரேக்கையும் நான்கு டயர்களையும் புதிதாக்கினான். இன்றும் அதே காரில்தான் தன் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான்.

நேயர்களே, இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுங்கள். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, செலவான வெள்ளி என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்கும் வளரும், பொறுப்பும் வளரும். முதல் பக்கத்தில், பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அந்த இடத்தில் எழுத உங்களுக்கு விடை இல்லையென்றால், என்னைப் போல் ஓர் இறக்கம் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே போமனிடம் போங்கள்.

வணக்கம்.